ஒரு நட்சத்திரம் குறைந்தால் நஷ்டம் யாருக்கு? பெங்களூரு வீட்டுத் தூய்மைச் சேவைகளில் புகாரின் கணக்கு

பெங்களூரு: வீட்டைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டுமென்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லி வைப்பதே பெங்களூருவில் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. அதன் பிறகு, நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்யும் செயலிகள் வந்தன. இப்போது பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, ஒயிட்ஃபீல்டு போன்ற பகுதிகளில் உணவு வரவழைப்பது போலவே சில நிமிடங்களில் பணிப்பெண்ணை வரவழைக்கும் போட்டி நடக்கிறது. அர்பன் கம்பெனியின் 'இன்ஸ்டா ஹெல்ப்', ஸ்நாபிட், பிராண்டோ ஆகியவை இந்தக் களத்தில் மோதிக்கொள்கின்றன.

கட்டணம், வேகம், முதலீடு ஆகியவற்றைச் சுற்றியே இந்தப் போட்டி குறித்த பேச்சு பெரும்பாலும் அமைகிறது. ஆனால் இத்தொழில் நிற்பதும் விழுவதும் வேறோர் இடத்தில். வாடிக்கையாளர் "சரியாகத் துடைக்கவில்லை" என்று சொல்லும் அந்த நொடியில் என்ன நடக்கிறது, அந்தப் புகாருக்கான செலவை யார் ஏற்கிறார் என்பதே முக்கியக் கேள்வி. அந்தச் செலவு பல நேரங்களில் வாடிக்கையாளரையும் சேர்வதில்லை, நிறுவனத்தையும் சேர்வதில்லை. துடைப்பத்தைப் பிடித்தவரின் தலையில் விழுகிறது.

பழைய பாடங்கள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட 'ஹோம்ஜாய்' என்ற வீட்டுத் தூய்மைச் சேவைத் தளம் 2015 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. ஏறத்தாழ 4 கோடி டாலர் முதலீடு திரட்டிய நிறுவனம் அது. பணியாளர்களை ஊழியர்களாகக் கருத வேண்டும் எனத் தொடரப்பட்ட வழக்குகளே மூடும் முடிவுக்குத் தீர்மானமான காரணம் என நிறுவனத் தரப்பு அப்போது கூறியது. எனினும் துறையைக் கவனித்தவர்கள் வேறு இரண்டு காரணங்களையும் சுட்டினர். பெரும் தள்ளுபடியில் முதல் முறை வந்த வாடிக்கையாளர்கள் முழுக் கட்டணத்தில் மீண்டும் வரவில்லை. வேலை பிடித்துப்போனவர்களோ, பணியாளரின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு நேரடியாகவே அழைக்கத் தொடங்கினர். வேலை மோசமானாலும் இழப்பு, நன்றாக அமைந்தாலும் இழப்பு என்ற விசித்திரமான வலையில் அந்நிறுவனம் சிக்கியது.

பெங்களூருவுக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. வீட்டுப் பணியாளர்களையும் வேலை தருவோரையும் இணைக்கும் 'பாபாஜாப்' தளம் 2007-ஆம் ஆண்டிலேயே இந்நகரில் தொடங்கப்பட்டு, 2017-இல் குவிக்கர் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பெங்களூருவைச் சேர்ந்த 'ஹவுஸ்ஜாய்', 2015 இறுதியில் அமேசான் தலைமையில் 150 கோடி ரூபாய் முதலீடு பெற்றபோது வீட்டுச் சேவைத் துறையின் நம்பிக்கை நட்சத்திரமாகப் பேசப்பட்டது. பின்னர் அது வீடு கட்டுதல், புதுப்பித்தல் பணிகளின் பக்கம் திரும்பியது. மும்பையின் 'டாஸ்க்பாப்' 2017 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த அலையில் பெரிதாக எஞ்சி நின்றது, 2014-இல் 'அர்பன்கிளாப்' என்ற பெயரில் தொடங்கி 2020-இல் பெயர் மாறிய அர்பன் கம்பெனி.

அந்நிறுவனம் 2025 செப்டம்பரில் 1,900 கோடி ரூபாய் பங்கு வெளியீட்டுடன் பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், மார்ச் மாதத்தில், மும்பையில் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற சோதனைச் சேவையை அது அறிமுகப்படுத்தியிருந்தது. 15 நிமிடங்களில் ஆள் வருவார். அறிமுகக் கட்டணம் மணிக்கு 49 ரூபாய் என்பது விளம்பரம். மனித உழைப்பைக் காய்கறி போல விற்கலாமா என்ற கண்டனம் சமூக ஊடகங்களில் எழுந்தது. சில நாள்களில் பெயர் 'இன்ஸ்டா ஹெல்ப்' என மாறியது. பணியாளருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் என்றும், மாதம் 132 மணி நேரம் பணியாற்றினால் குறைந்தது 20,000 ரூபாய் உறுதி என்றும் நிறுவனம் விளக்கம் அளித்தது.

அந்த விளக்கத்திலேயே கணக்கு புலப்படுகிறது. 49 ரூபாய் வாங்கி 150 ரூபாய் கொடுத்தால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 100 ரூபாய்க்கு மேல் முதலீட்டாளர் பணம் கரைகிறது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அர்பன் கம்பெனி காட்டிய நிகர இழப்பு ஏறத்தாழ 59 கோடி ரூபாய். இன்ஸ்டா ஹெல்ப் பிரிவின் செயல்பாட்டு இழப்பு மட்டும் 44 கோடி ரூபாய். இப்படி மலிவாகக் கிடைக்கும் சேவையைப் பற்றி எழும் புகார்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவும், மறுமுறை ஆள் அனுப்பவும், உடைந்த பொருளுக்கு ஈடு கட்டவும் பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி.

சிறு நிறுவனத்தின் கணக்கு

செயலிகளுக்கு வெளியே, சிறு வேன் ஒன்றும் 6 முதல் 10 பேர் வரையிலான குழுவும் கொண்டு இயங்கும் தூய்மைச் சேவை நிறுவனங்கள் நகரின் குடியிருப்புப் பகுதிகளில் ஏராளம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போதும், புது வீட்டில் குடியேறும் முன்பும், பண்டிகைக் காலங்களிலும் 'டீப் கிளீனிங்' எனப்படும் முழுத் தூய்மைப் பணிக்கு இவர்களையே பலர் அழைக்கின்றனர்.

ஒரு புகார் இவர்களை எப்படிப் பாதிக்கும் என்பதை எளிய எடுத்துக்காட்டுக் கணக்கொன்றால் புரிந்துகொள்ளலாம். இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கட்டணம் 4,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மூன்று பேரின் நாள் கூலி 2,400 ரூபாய். திரவங்கள், துணி, உறை ஆகியவற்றுக்கு 300 ரூபாய். வேன் செலவு 400 ரூபாய். மிஞ்சுவது 900 ரூபாய். இயந்திரத் தேய்மானம், அலுவலக வாடகை, விளம்பரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மறுநாள் "குளியலறைக் கண்ணாடியில் கறை போகவில்லை, சமையலறை அலமாரிக்குள் தொடவே இல்லை" என்று அழைப்பு வருகிறது. இருவரை அரை நாள் அனுப்பினால் கூலி 800, போக்குவரத்து 300, ஆக 1,100 ரூபாய். அந்த வேலையின் மிச்சம் முழுவதும் போய், அடுத்த வேலையின் மிச்சத்திலும் 200 ரூபாய் கரைகிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வேன் சிக்கிக்கொண்டால் அன்றைய மற்றொரு பணியும் தள்ளிப்போகும்.

இதனால்தான் நேர்மையான உரிமையாளர்கூடப் புகாரைக் கேட்டவுடன் முதலில் தற்காப்பில் இறங்குகிறார். வாடிக்கையாளருக்கோ அது திமிராகத் தெரிகிறது. பல சச்சரவுகளின் வேர் இருவரின் குணத்தில் இல்லை. வேலை தொடங்கும் முன் எது சேரும், எது சேராது என்று யாரும் எழுதி வைக்காததில் இருக்கிறது. 'முழுத் தூய்மை' என்ற சொல்லுக்கு வாடிக்கையாளர் மனத்தில் ஒரு பொருள், குழுத் தலைவர் மனத்தில் இன்னொரு பொருள். அலமாரிக்குள் இருக்கும் பாத்திரங்களை எடுத்து வைப்பது யார், பால்கனிக் கம்பி வலையின் வெளிப்புறம் சேருமா, சிம்னியைக் கழற்ற வேண்டுமா, பரணில் உள்ள பெட்டிகள் இறங்குமா, சுவரில் வழிந்த வண்ணத் துளிகளைச் சுரண்டுவது இதில் அடங்குமா என்பதெல்லாம் முன்கூட்டியே பேசப்பட வேண்டியவை. பேசப்படாத ஒவ்வொன்றும் மாலையில் புகாராக மாறும்.

உப்புக்கறையும் ஆசிட்டும்

பெங்களூருவுக்கே உரிய ஒரு புகாரைத் தனியாகப் பார்க்க வேண்டும். காவிரிக் குழாய் நீர் எட்டாத புறநகர்க் குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. 2024 மார்ச் மாதத் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது நாடே அதை அறிந்தது. அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். குழாய், ஷவர் கண்ணாடி, டைல்ஸ், கழிப்பறைக் கிண்ணம் என எல்லாவற்றிலும் வெள்ளை உப்புக்கறை படிகிறது. ஆண்டுக் கணக்கில் படிந்த கறை சோப்பு நீருக்கு அசையாது. அமிலத் தன்மையுள்ள திரவமே அதைக் கரைக்கும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. உப்புக்கறையின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிள் கல்லும் அடிப்படையில் அதே பொருள்தான். கறையைக் கரைக்கும் ஆசிட், தரையில் சொட்டினால் கல்லையும் அரிக்கும். பளபளப்பு போய் வெளிறிய தழும்பு விழும். அது கறையல்ல, கல்லின் காயம். எவ்வளவு துடைத்தாலும் போகாது, கல்லை மீண்டும் மெருகேற்றத்தான் வேண்டும். கிரானைட் ஓரளவு தாங்கும். கண்ணாடியிலேயே நாள்பட்ட உப்பு அரித்துவிட்டிருந்தால் எந்தத் திரவமும் பயன் தராது. தூய்மைப் பணிக் குழுக்களின் பையில் இருக்கும் டாஸ்கி வரிசைத் திரவங்களில் எந்த எண் குளியலறைக்கு, எந்த எண் கண்ணாடிக்கு, எந்த எண் கழிப்பறைக் கிண்ணத்துக்கு மட்டும் என்பதைப் பழகிய பணியாளர் அறிவார். நேற்றுச் சேர்ந்தவர் அறியமாட்டார். லேபிள் ஆங்கிலத்தில் இருக்கும். திரவமோ பல நேரங்களில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துவரப்படும்.

ஆபத்து கல்லோடு முடிவதில்லை. ஆசிட்டும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அதைச் சுவாசிப்பவர் பணியாளர்தான். கறை போகவில்லை என்ற புகாருக்கு அஞ்சி, இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றித் தேய்ப்பது நடக்கக்கூடியதே. கறை போகாததற்கு வசை உண்டு, மூச்சு முட்டியதற்குப் புகார்ப் படிவம் கிடையாது.

ஆகவே இத்தொழிலில் புகாரைக் கையாளும் வேலை, வேன் புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நன்கு நடக்கும் நிறுவனங்களின் நடைமுறை எளிமையானது. வேலை தொடங்கும் முன் வாடிக்கையாளருடன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள விரிசல், தழும்பு, உடைசல் ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுத்து அவருக்கே அனுப்புகின்றன. போகாத கறையைப் போகாது என்று அப்போதே சொல்கின்றன. முடிந்ததும் வாடிக்கையாளரை உடன் அழைத்துச் சென்று காட்டுகின்றன. விட்டுப்போனதைக் குழு வீட்டில் இருக்கும்போதே சரி செய்கின்றன. அந்த 15 நிமிடச் சுற்றுக்குச் செலவில்லை. மறுநாள் பயணத்துக்கு 1,100 ரூபாய் ஆகும். மணிக் கணக்கில் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய செயலிப் பணியாளருக்கு அந்த 15 நிமிடம் வாய்ப்பதில்லை என்பதே இரண்டு முறைகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு.

நான்கு நட்சத்திரம் என்ற தண்டனை

செயலிகளில் புகாரின் வடிவம் வேறு. பேச்சுக்கு இடமில்லை, விரலால் ஒரு நட்சத்திரத்தைத் தொட்டால் போதும். 2023 ஜூன், ஜூலை மாதங்களில் அர்பன் கம்பெனியின் பணியாளர்கள் பெங்களூரு உட்படப் பல நகரங்களில் போராட்டத்தில் இறங்கினர். மதிப்பீடு 4.7-க்குக் கீழே போனாலோ, வரும் பணிகளில் போதிய விழுக்காட்டை ஏற்காவிட்டாலோ, மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ரத்து செய்தாலோ தங்கள் கணக்கு முடக்கப்படுகிறது என்பது அவர்களின் முதன்மைக் குறை. சேவைத் தரத்தைக் காக்கவே இந்த அளவுகோல்கள் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அதற்கு முன் 2021-இல் குருகிராமில் அந்நிறுவனத்தின் பெண் அழகுக்கலைப் பணியாளர்கள் கமிஷன் விகிதத்தை எதிர்த்துப் போராடியபோது, நிறுவனம் நீதிமன்றத்துக்கே சென்றது.

4.7 என்ற எண்ணைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து வீடுகளில் பணி; ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம், ஒருவர் ஒரு நட்சத்திரம். சராசரி 4.6. அதாவது பத்தில் ஒருவரின் கோபம் போதும், எல்லைக்குக் கீழே இறக்க. அந்த ஒற்றை நட்சத்திரத்தை ஈடுகட்டி மீண்டும் 4.7-க்கு வர 13 ஐந்து நட்சத்திரங்கள் தேவை. அதைவிட வியப்பானது நான்கு நட்சத்திரத்தின் கதை. "நன்று, இன்னும் சற்றுக் கவனம் வேண்டும்" என்ற நல்லெண்ணத்தில் வாடிக்கையாளர் நான்கைத் தொடுகிறார். அந்தப் பாராட்டை ஈடுகட்ட மூன்று ஐந்து நட்சத்திரங்கள் தேவை. பள்ளியில் 80 மதிப்பெண் நல்ல மதிப்பெண் என்று பழகிய சமூகத்தில், தாம் தரும் 80 ஒருவரின் வேலைக்கு ஆபத்தாகும் என்று எத்தனை வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்?

மேலும், நட்சத்திரம் எதை அளக்கிறது என்பதும் தெளிவில்லை. ஆள் தாமதமாக வந்ததற்குக் காரணம் போக்குவரத்தாக இருக்கலாம். குடியிருப்பு வாயிலில் காவலாளி அனுமதிக்க 10 நிமிடம் எடுத்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியாத வேலையைச் செயலி ஒரு மணி நேரம் என்று விற்றிருக்கலாம். நிறுவனத்தின் திட்டமிடல் பிழைக்கும் பணியாளரின் கைப்பிழைக்கும் ஒரே பொத்தான். சிறு நிறுவனத்தின் உரிமையாளர் தொலைபேசியில் கத்துகிறவரிடம் பேசிப் பேசியாவது எது எவர் தவறு என்று பிரித்தறிய முயல்கிறார். சராசரி எண்ணுக்கு அந்தத் திறமை இல்லை.

திருட்டுச் சந்தேகம் என்ற புகார் இதிலெல்லாம் சேராது. அது எழுந்தால் நட்சத்திரம், பணம் திருப்பம், மறுமுறைப் பணி எதுவும் பொருந்தாது. வேலை தருபவரின் உடைமையைப் பணியாளர் திருடியது உறுதியானால் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உறுதியாகாவிட்டாலும், பெயர் அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் பரவிவிட்டால் அங்குள்ள எல்லா வீடுகளின் வேலையும் போகும். 2017 ஜூலையில் நொய்டாவின் மகாகுன் மாடர்ன் குடியிருப்பில் திருட்டுச் சந்தேகம் ஒன்று கல்வீச்சு வரை சென்றதை நாடு பார்த்தது. பணி முடிந்து வெளியேறும் முன் விலை உயர்ந்த பொருள்களைச் சரிபார்த்துவிட வாடிக்கையாளரைக் கேட்டுக்கொள்வது நல்ல நிறுவனங்களின் வழக்கம். அது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையைவிட, தம் பணியாளருக்குத் தரும் பாதுகாப்பு.

சட்டம் யார் பக்கம்?

வாடிக்கையாளரின் உரிமைகள் ஓரளவு தெளிவானவை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டணம் பெற்றுச் செய்யும் பணியில் குறை இருந்தால் அது 'சேவைக் குறைபாடு'. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இழப்பீடும் கோரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். செயலி நிறுவனங்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் பொருந்தும். அவற்றின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 'எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்' என்று செயலியின் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலும், நியாயமற்ற ஒப்பந்தம் எனக் கூறி அதை மாநில ஆணையத்தில் எதிர்க்கச் சட்டம் வழி தருகிறது.

இதில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம்' நுகர்வோர் சட்டத்தின் 'சேவை' வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது. ஒரு குடும்பம் நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வீட்டுப் பணியாளர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அதே பெண் நிறுவனம் வழியாக அதே வீட்டுக்கு வந்தால் போக முடியும், நிறுவனத்தின் மீது. நிறுவனத்தின் வழியே வருவதால் வாடிக்கையாளருக்குப் புதிய உரிமை பிறக்கிறது. பணியாளருக்கு அதே அளவில் ஏதாவது பிறக்கிறதா என்பதுதான் கர்நாடகத்தில் கடந்த சில ஆண்டுகளாக நடக்கும் விவாதம்.

வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவிப்பதில் 2004-ஆம் ஆண்டிலேயே முன்னோடியாக நின்ற மாநிலம் கர்நாடகம். தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கையை 2011-இல் ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை. நாடு முழுவதற்குமான தனிச் சட்டத்தின் தேவையை ஆராய நிபுணர் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

செயலிப் பணியாளர்களைப் பொறுத்தவரை, 2025 மே மாதம் அவசரச் சட்டமாக வந்து, பின்னர் சட்டமன்றத்தில் நிறைவேறிய கர்நாடகத் தளம்சார் கிக் பணியாளர் நலச் சட்டம் முக்கியமானது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் பணியாளருக்குத் தரப்படும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலக் கட்டணமாக நிறுவனம் செலுத்த வேண்டும் என்பதே அதில் அதிகம் பேசப்பட்ட பிரிவு. ஆனால் புகார்களின் கோணத்தில் பார்த்தால் அதைவிட வலுவானவை வேறு பிரிவுகள். எழுத்துப்பூர்வமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றிப் பணியாளரை நீக்கக்கூடாது. உடல் தீங்கு சார்ந்த சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. மதிப்பீடு உள்ளிட்ட தானியங்கி முடிவு முறைகள் தம்மை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டறியும் உரிமை பணியாளருக்கு உண்டு. ஒப்பந்தம் கன்னடம், ஆங்கிலம் அல்லது அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, பணியாளர் அறிந்த மொழியில் எளிமையாக இருக்க வேண்டும். பெங்களூருவில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களில் தமிழ் பேசுவோர் கணிசம் என்பதால், கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமல்ல.

ஒரு நட்சத்திரப் புகாருக்கு மறுநாள் காலை செயலி திறக்காமல் போனால், முன்பு பணியாளருக்கு எஞ்சியது வாடிக்கையாளர் சேவை எண்ணின் பதிவுக் குரல் மட்டுமே. இப்போது காரணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கணக்கை 'முடக்காமல்' பணிகளை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் அது நீக்கமா என்பது வழக்குகளில்தான் தெளிவாகும். மதிப்பீடு குறைந்தவருக்கு நல்ல நேரங்களும் அருகிலுள்ள வீடுகளும் ஒதுக்கப்படாமல் போனால், அதை அவர் எப்படி நிரூபிப்பார் என்பதும் எளிதான கேள்வி அல்ல.

பணியாளர் தரும் புகார்

இதுவரை பேசியதெல்லாம் வாடிக்கையாளரின் புகார். அறிமுகமில்லாத வீட்டுக்குள் தனியாக நுழையும் பெண்ணின் புகாருக்கு என்ன வழி? குடிபோதையில் கதவைத் திறப்பவர், பேசிக்கொண்டதற்கு மேல் வேலை சுமத்துபவர், கழிப்பறையைப் பயன்படுத்த விடாதவர், தகாத முறையில் நடப்பவர் குறித்து அவர் எங்கே சொல்வது? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. வீட்டுப் பணியாளர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். அப்படியொரு குழு இருப்பதை அறிந்தவர்கள் குறைவு.

நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை என்பதும் முடிவாகவில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஓலா ஓட்டுநர் ஒருவர் மீது பெண் பயணி அளித்த புகாரில், அந்நிறுவனத்தின் உள் புகார்க் குழு விசாரிக்க வேண்டும் எனவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் எனவும் உத்தரவிட்டார். சில நாள்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஓட்டுநர் ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்பதே அங்கு மையக் கேள்வி. வீட்டுத் தூய்மைச் செயலிகளுக்கும் அதே கேள்வி காத்திருக்கிறது, அதுவும் சற்றுக் கூர்மையாக. சீருடை, பயிற்சி, மணிக் கணக்கு, ஒதுக்கப்பட்ட பகுதி ஆகிய எல்லாவற்றையும் நிறுவனமே தீர்மானிக்கும் நிலையில், 'அவர் சுயதொழில் பங்குதாரர்' என்ற வாதம் ஓட்டுநர் விஷயத்தைவிட இங்கு வலுவிழந்து தெரிகிறது.

சிறு நிறுவனங்களின் நிலை வேறு. கிக் பணியாளர் சட்டம் அவற்றின் நாள் கூலிக் குழுக்களைத் தொடுவதில்லை. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் பொருந்தும் இடங்களிலும், வேனில் வந்து வேனில் போகும் குழுவின் வருகைப் பதிவேட்டைத் தேடி யாரும் வருவதில்லை. மார்பிளில் தழும்பு விழுந்ததற்கான ஈட்டுத்தொகை அந்த மாதக் கூலியில் பிடிக்கப்பட்டால், அதை எங்கே முறையிடுவது என்று அந்தக் குழுவில் எவருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கிடையே 2025 அக்டோபரில் கர்நாடக அரசு வீட்டுப் பணியாளர் சமூகப் பாதுகாப்பு, நலச் சட்டத்துக்கான வரைவு ஒன்றையும் வெளியிட்டது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், கட்டாயப் பதிவு, ஊதியத்தில் 5 விழுக்காடு வரை நலக் கட்டணம், தனி வாரியம் ஆகியவை அதன் சாரம். நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை பங்களிக்க வேண்டும் என்கிறது. காலை 7 மணி முதல் 10 மணி வரை மூன்று வீடுகளில் மாதச் சம்பளத்துக்கும், 11 மணிக்கு மேல் செயலி வழியாகவும், ஞாயிற்றுக்கிழமை ஒரு டீப் கிளீனிங் குழுவுடனும் வேலை செய்யும் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். வரைவு சட்டமானால், காலை வேலைக்கு ஒரு வாரியம். நண்பகல் வேலைக்கு வேறொரு வாரியம், அதற்கு மேல் மத்தியத் தொகுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கையில் வாங்கும் கூலி மட்டும். துடைப்பது அதே தரையை, பெரும்பாலும் அதே தெருவில்.